அனஸ் வெட்டிய இடங்கள்

மூச்சு விடுவதுகூட அந்த மைக்கில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அனஸ் இப்போதுதான் சொன்னான், "ஒரு நிமிஷம் யாரும் வாயத் தொறக்காதீங்க, ரூமோட சத்தத்த மட்டும் தனியா எடுக்கணும்" என்று. சும்மா கிடக்கிற அறைக்கு என்ன சத்தம் இருக்கப் போகிறது. இருக்கிறதாம், அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் பிற்பாடு பேச்சுக்கு அடியில் ஓடுகிற இரைச்சலை மட்டும் கழித்து எடுத்துவிடலாமாம். சமையலறையில் அவரைக்காய் நாரைப் பாதி உரித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டாயிற்று. நடுச்சுவரில் மேலே ஒரு வென்டிலேட்டர், அதில் கண்ணாடி உடைந்து மூன்று வருடமாகிறது, மாற்றச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது, அதன் வழியாக அவர்கள் தும்மினால்கூட இங்கே கேட்கும், அப்படியென்றால் நான் தும்மினாலும் அங்கே கேட்கும். நான் இங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. "ஆன்ட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஃபேன் கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது, மிக்ஸி கிடையாது, நீங்க வெந்துருவீங்க, பக்கத்து வீட்ல போய் உக்காந்துக்குங்க" என்றாள் வினோலியா. சரி கண்ணு என்று சொல்லி, மரகதக்கா வீட்டுக்குப் போகிறவள் போல வாசல் கேட்டைச் சாத்திவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்கதவால் உள்ளே வந்துவிட்டேன். போய் உட்கார முடிகிற நாளா இது. நாலு மணிக்குப் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். கேசரிக்கு ரவையை வறுத்து வைத்தாயிற்று, பஜ்ஜிக்கு மாவு கரைக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், துருவினால் சத்தம், அதனால் சத்தம் வராத வேலையாகப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறேன். முந்திரியை இரண்டாகப் பிளந்தேன், திராட்சையில் காம்பு கிள்ளினேன், இப்போது அவரைக்காய். ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டார்களே, உள்ளே இரண்டு லிட்டர் பால் இருக்கிறதே, இந்த வெயிலில் திரிந்துவிட்டால் நாலு மணிக்குக் காபிக்கு எங்கே ஓடுவது. அவர் காந்திபுரத்துக்குப் போயிருக்கிறார், கோபியிலிருந்து வருகிற தன் அக்காவை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வர. வரும்போது பால் வாங்கி வரச் சொல்லலாம், ஆனால் போனில் பேசினால் கேட்கும். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா. "ஓகே, எடுத்தாச்சு" என்கிறான் அனஸ். அந்த ஒரு நிமிஷத்துக்குள் என் மூச்சும் சேர்ந்து போயிருக்கும், அதையும் கழித்துவிடுவான்.

அவர்கள் செய்வதற்குப் பெயர் பாட்காஸ்ட். என் பையன் சபரிநாதன், அனஸ், வினோலியா, மூன்று பேரும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள், வாரம் ஒரு தடவை உட்கார்ந்து சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் பற்றியும் அதை வைத்து எடுக்கிற படங்களைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுவார்கள், அதை ஊர் உலகமெல்லாம் போனில் கேட்கும். எப்போதும் கரும்புக்கடை ஏரியாவில் இருக்கிற அனஸ் வீட்டு மாடியில்தான் நடக்கும். இந்த வாரம் அவன் பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள், அதனால் முதல் தடவையாக இங்கே. மூவருக்கும் இருபத்தெட்டு வயதாகிறது, இன்னும் பொம்மைப் புத்தகத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்று அவர் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. ஏழாவதோடு நின்றவள் நான், ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை, ஆனால் நொடியன் யார் என்று என்னைக் கேளுங்கள். ஒன்பது நொடி உலகத்தை நிறுத்தக்கூடியவன். அந்த ஒன்பது நொடியும் அவன் மட்டும்தான் நடமாடுவான், மற்ற எல்லாரும், பஸ், காக்கா, கொட்டுகிற தண்ணீர் எல்லாம் அப்படி அப்படியே நிற்கும். தகரப்பல்லன் அவனுக்கு எதிரி, மூன்று தடவை செத்துவிட்டான், மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டான். போன வருஷம் அனஸ்தான் என் போனில் அதற்கான ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். கிரைண்டர் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்பேன். அறுபத்தொரு எபிசோட். ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்போது, "வணக்கம், நான் சபரி" என்பான். முதல் தடவை கேட்டபோது டேப்பைக் கோணலாக ஒட்டிவிட்டேன். அவன் தன் பெயரைச் சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் குனிந்து உன் பேர் என்ன ராஜா என்று கேட்டாள், இவன் ச, ச, ச என்று முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றான், எனக்குத் தாங்கவில்லை, சபரிநாதன் டீச்சர் என்று நானே சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன், காரம் தாங்காமல் கத்தினான், கத்தும்போது மட்டும் திக்கவில்லை. கோவிலில் மணி வாங்கிக் கட்டினேன். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், அவன் சொல்லி முடிக்கிற வரை நீங்கள் பேசக் கூடாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றாள். இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் கடையில் நாலு பேர் பார்க்க ச, ச என்று நின்றான், சர்க்கரை அரைக் கிலோ என்றேன். பத்தாவது படிக்கும்போது அவன் செருப்பு மட்டும் சீக்கிரம் சீக்கிரம் தேய்ந்தது. என்னடா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், பஸ்ஸில் கண்டக்டரிடம் சிங்காநல்லூர் என்று சொல்ல வராததால் அதைத் தாண்டி இருக்கிற, வாயில் வருகிற ஒண்டிப்புதூரைச் சொல்லி டிக்கெட் வாங்கி, அங்கே போய் இறங்கி, தினமும் திரும்பி நடந்து வந்திருக்கிறான். அப்படிப்பட்டவன் போனில் தண்ணீர் ஊற்றுவது போலப் பேசினான். ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு எழுத்தில் மாட்டவில்லை. ஜோக் அடித்தான். நான் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நல்லா பேசுற சாமி என்றேன். "தே... தே... தேங்க்ஸ்மா" என்றான். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. சிநேகிதர்களோடு இருந்தால் வருகிறது, என்னைக் கண்டால் போய்விடுகிறது. உலகத்துக்கே பேசுகிறவன் என் ஒருத்தியிடம் மட்டும் திக்குகிறான். ஒரு வருஷத்துக்கு மேலாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. தூங்கப் போகும்போது நினைப்பேன், பல் தேய்க்கும்போது நினைப்பேன். நான் என்ன செய்தேன், எந்த வயதில் என்ன அடித்தேன், எதனால் என்னைப் பார்த்தால் என் பிள்ளைக்குத் தொண்டை அடைக்கிறது. இன்று காலையில்கூட அந்த வாசற்படியில் வந்து நின்றான், "அம்மா, உ... உன்ட்ட ஒ... ஒ..." என்றான். ஒண்ணும் பயப்படாதே, எல்லாம் நான் பேசிக்கறேன், நீ சும்மா வணக்கம் சொல்லிட்டு உக்காரு என்றேன். நேற்று வந்து நின்றதற்கு, சட்டைதானே, இஸ்திரி போட்டாச்சு என்றேன். முந்தாநாளும் ஏதோ கேட்க வந்தான், முடி வெட்ட வேண்டியதைப் பற்றித்தான் இருக்கும். சீக்கிரம் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவனுக்குக் கஷ்டம் குறைவு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"ரெக்கார்டிங் போகுது, த்ரீ, டூ" என்கிறான் அனஸ், ஒன் என்பதைச் சொல்லாமல் விடுகிறான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போனில் கேட்பதை நேரில், பச்சையாகக் கேட்கப் போகிறேன். "வணக்கம், நா... நா... நான் ச..." என்று வந்தது. நின்றது. "ச... ச... ச..." சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளையின் கழுத்து நரம்பு எனக்கு இங்கிருந்து தெரிகிறது. என் வாய் தானாகத் திறந்து, பரி என்று காற்றாகச் சொல்லிவிட்டது, நல்ல வேளை சத்தம் வரவில்லை. "சபரி" என்றான் அவன். அனஸும் வினோலியாவும் ஒன்றும் நடக்காதது போல, வணக்கம் நான் அனஸ், வணக்கம் நான் வினோலியா என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். "இன்னொரு தடவை போறியாடா?" என்று அனஸ் கேட்கிறான். "வே... வேண்டாம், வெ... வெட்டிக்க" என்கிறான் சபரி. "வெட்டி வெட்டி உன் ச மட்டும் ஒரு டப்பா நெறைய வெச்சிருக்கேன்டா. எல்லாத்தையும் சேத்தா தனியா ஒரு எபிசோட் போடலாம்." "போ... போடு, அ... அதுக்காவது லை... லைக் வருதான்னு பாப்போம்." மூவரும் சிரிக்கிறார்கள். நான் அவரைக்காயைத் தட்டில் வைத்தேன், தட்டு சத்தம் போடாமல் இருக்க வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் முதலில் வந்தது அதுதான். என்னிடம் மட்டும் இல்லை. எல்லாரிடமும் திக்குகிறான். நான் ஒன்றும் செய்யவில்லை, என்னால் இல்லை, என் முகத்தால் இல்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. எழுந்து போன இடத்தில் உடனே இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அப்படியானால் அந்த அறுபத்தொன்று? வணக்கம், நான் சபரி என்று நான் அறுபத்தொரு தடவை கேட்டது? நொடியன் உலகத்தை நிறுத்துகிற மாதிரி, இவன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அனஸ் உலகத்தை நிறுத்தி, மாட்டியதை வெட்டி எடுத்துவிட்டு, மறுபடி ஓட விட்டிருக்கிறான். யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை, பெற்றவளுக்கே. பிறகு பிரதீபாவுக்கு எப்படித் தெரியும்.

ஐயோ, பிரதீபா. என் பக்கத்தில் நின்று பெட்டி மடிக்கிற சரோஜினியின் அண்ணன் மகள். "பையன் நல்லாப் படிச்சிருக்கான், வேலையில இருக்கான், எல்லாஞ் சரிங்க்கா, ஆனா பேச்சு கொஞ்சம் வராதுன்னு யாரோ சொன்னாங்களே" என்று சரோஜினி இழுத்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் சின்ன வயசுலீங். இப்பக் கேளுங்க" என்று என் காதிலிருந்ததை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டேன். அவள் கேட்டாள், கண்ணை அகலமாக்கினாள், ரேடியோக்காரன் மாதிரியில்ல பேசறான் என்றாள். அன்றைக்கே அந்த லிங்க்கை வாங்கி அண்ணன் மகளுக்கு அனுப்பினாள், அனுப்பத் தெரியாமல் அவள் விழித்தபோது பட்டனை அழுத்தியது நான். ஒரு வாரத்தில் பெண் எல்லா எபிசோடும் கேட்டுவிட்டாளாம், இந்தக் குரலையே கல்யாணம் பண்ணிக்கலாம்போல இருக்கு அத்தை என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் பெட்டிக்கு நடுவில் சிரித்தோம். பெண் பார்க்கப் போனபோதும் நானும் நாத்தனாரும்தான் பேசினோம், பையன் கூச்ச சுபாவம் என்றேன், மைக் முன்னாடி உக்காந்தா மட்டும் சிங்கம் என்று பெண்ணின் அப்பா சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், இவன் ம் என்றதோடு சரி. பெண்ணும் இவனும் நம்பரை வாங்கிக்கொண்டார்கள், மெசேஜில்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மெசேஜில் திக்காது. நாலு மணிக்கு அவள் அப்பா, அம்மா, சித்தப்பா வருவார்கள். இந்தத் தடவை கூச்ச சுபாவம் செல்லாது, வீடு பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையிடம் நாலு வார்த்தை கேட்காமல் போக மாட்டார்கள். நான் எத்தனை வார்த்தையைத்தான் முந்திக்கொண்டு சொல்ல முடியும். இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடலாமா. என்னவென்று சொல்வது, நான் கேட்டது பொய், நீங்கள் கேட்டதும் பொய் என்றா. பொய் என்று எப்படிச் சொல்வது, அந்தக் குரல் அவனுடையதுதானே, அந்த ஜோக்கெல்லாம் அவன் மூளையில் வந்ததுதானே, நடுவில் இருந்த கஷ்டத்தை மட்டும்தானே எடுத்தார்கள். வேர்வை முதுகில் ஓடுகிறது. ஃபேன் இல்லை. பால் என்ன ஆயிற்றோ.

அங்கே அவர்கள் நொடியனின் புதுப் புத்தகத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நொடியன் முகமூடி போடாத நேரத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர், அதே லிஃப்ட்டில் தினமும் ஏறி இறங்குகிற ஒரு நர்ஸ் நொடியனைக் காதலிக்கிறாள், ஏழாவது மாடிக்குப் பட்டனை அழுத்துகிறவன்தான் அவன் என்று அவளுக்குத் தெரியாது. "ஒம்பது நொடி உலகத்தையே நிறுத்துறவன், அவகிட்ட ஒரு நிமிஷம் நின்னு உண்மையச் சொல்ல மாட்டானா?" என்கிறாள் வினோலியா. "சொன்னா புக்கு முடிஞ்சிருமே. அப்புறம் அடுத்த மாசம் நீ என்னத்த வாங்குவ?" என்கிறான் அனஸ். "நீ எப்பவும் வியாபாரத்துலயே இரு. சபரி, நீ சொல்லு. மறைக்கிறது தப்பா இல்லையா?" சபரி உடனே பேசவில்லை. இது திக்குகிற மௌனம் இல்லை, அது எனக்குத் தெரியும், திக்கும்போது உதட்டில் ஒரு சின்னச் சத்தம் இருக்கும். "அ... அவளுக்குப் பி... பிடிச்சது நொ... நொடியன. வீ... வீட்டுக்கு வரப் போறது லி... லிஃப்ட் ஆபரேட்டர். மு... முன்னாடியே சொ... சொல்லிடறதுதான்..." என்று சொல்லி நிறுத்தினான். "சொல்லிடறதுதான்?" என்றாள் வினோலியா. அனஸ், "டேய், நீ கதையத்தான் சொல்றியா?" என்றான். பிறகு ஏதோ பட்டனைத் தட்டுகிற சத்தம். "நிறுத்திட்டேன். சொல்லு. போன வாரம் வெட்டாத ஃபைல் வேணும்னு வாங்கிட்டுப் போனியே, அவளுக்கா அனுப்புன?" ஆமாம் என்று தலையை ஆட்டியிருப்பான். "என்ன சொன்னா?" போனைக் கொடுத்திருப்பான்போல, பிரதீபாவின் மெசேஜை வினோலியா மெல்லப் படிக்கிறாள். ஒரு மணி நேரமும் முழுசாகக் கேட்டேன். அனுப்பியதற்கு நன்றி. நீங்கள் நல்லவர். ஆனால் வாழ்நாள் முழுக்க எனக்குப் பொறுமை இருக்குமா என்று தெரியவில்லை, இல்லாமல் போனால் அது உங்களுக்குத்தான் பாவம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரவில்லை, அப்பா போன் பண்ணட்டுமா. "நீ என்ன போட்ட?" "வே... வேண்டாம், எ... எங்க வீட்ல நா... நானே சொல்லிக்கறேன்னு." "இது வெள்ளிக்கிழமை வந்திருக்கு. இன்னைக்கு ஞாயிறு. ஆன்ட்டி அங்க ரவை வறுத்து வெச்சிருக்காங்கடா. சாமிப் படத்துக்கெல்லாம் பூப் போட்டிருக்காங்க. இன்னுமா சொல்லல?" "மூ... மூணு நாளா சொல்றேன், வி... வினோ. ஆ... ஆரம்பிக்கறேன், அ... அம்மா முடிச்சுருது." இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். குறை சொல்கிற சிரிப்பாக இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மழை பெய்கிறது, வெளியே போக முடியவில்லை என்று சொல்வது போலச் சிரித்தான். ஒண்ணும் பயப்படாதே. சட்டைதானே. முடி வெட்டிட்டு வா. அவன் வாயில் என் வார்த்தையைத் திணித்து மூன்று நாளும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"என் தப்புடா" என்கிறான் அனஸ். "நான் வெட்டாமலே போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. மொதல்ல நாலு எபிசோட் அப்படித்தான போட்டோம், கேக்கறவங்க கேட்டாங்க." "நா... நான்தான வெட்டச் சொன்னேன்." "நீ எதுக்குச் சொன்னன்னு எனக்கு இன்னும் புரியல. வெட்கப்படற ஆளும் இல்ல நீ." "நீ அ... அம்மா போன்ல ஆ... ஆப் போட்டுக் கொ... கொடுத்தியே" என்றான் சபரி. "அது டே... டேப் ஒட்டிட்டே கே... கேக்கும். அங்கயும் வந்து தி... திக்கணுமா." அவ்வளவுதான் சொன்னான். பிறகு மூக்கை உறிஞ்சினான், இல்லை அது வினோலியாவாக இருக்கலாம். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த நாலு எபிசோடை நான் கேட்டதே இல்லை, எடுத்துவிட்டிருக்கிறார்கள். அனஸ் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து வெட்டியது ஊருக்காக இல்லை, பேக்கிங் செக்ஷனில் ஒரு காதுக்காக. அதை வாங்கி நான் என்ன செய்தேன், கொண்டுபோய்ச் சரோஜினி காதில் மாட்டினேன். பிரதீபாவைத் திட்டலாம் என்று மனசு தேடுகிறது, என்ன பெண் இவள், முழு ஒரு மணி நேரம் கேட்டாளே அந்தப் பொறுமை இன்னும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா என்று. திட்ட வரவில்லை. அவள் ஒரு மணி நேரம் முழுசாகக் கேட்டிருக்கிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அவன் சொல்லி ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேட்டிருப்பேனா. அவர் வருவார், நாத்தனார் பட்டுப்புடவையோடு வந்து இறங்குவாள், என்ன சொல்வது, நாளைக்குச் சரோஜினி முகத்தில் எப்படி விழிப்பது, இதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, ஒன்றையும் உள்ளே விட முடியவில்லை, வாசலை அடைத்தபடி அவன் நிற்கிறான், நாலு வயதில், முகம் சிவந்து, அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால். அவள் காத்திருந்தாள். இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அவள் அவசரப்படவே இல்லை, குனிந்தபடி சிரித்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரம் எனக்குத்தான்.

"போதும், இன்னைக்கு இது வேண்டாம், இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்று வினோலியா சொல்கிறாள், "மொதல்ல போய் ஆன்ட்டியக் கூட்டிட்டு வந்து சொல்லு" என்கிறாள், நாற்காலி நகர்கிறது. நான் இங்கே இருந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் எதையும் சொல்ல வேண்டியிருக்காது, நானே எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக ஆகிவிடும், மறுபடியும். பின்கதவைத் திறந்தேன், தாழ்ப்பாள் கொஞ்சம் கிறீச்சிட்டது, நின்றேன், யாரும் வரவில்லை. சந்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மரகதக்கா மொட்டை மாடியில் வற்றல் காய வைத்துக்கொண்டே, "ஏனுங், எத்தனை மணிக்கு வர்றாங்க?" என்று கேட்டாள். கையை மட்டும் ஆட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், வளையலைக் கீழே இறக்கிவிட்டேன், வாசலுக்குச் சுற்றி வந்து கேட்டை வேண்டுமென்றே பலமாகத் தள்ளித் திறந்தேன். அவன் வாசலிலேயே நின்றான், செருப்பில் ஒரு கால் நுழைத்தபடி. பின்னால் ஹாலில் அனஸ் ஒயரைச் சுருட்டுவது போலக் குனிந்துகொண்டான். வினோலியா என்னைப் பார்க்காமல் ஃபேனைப் போட்டாள். "அ... அம்மா" என்றான். என்ன சாமி என்று கேட்க வந்ததை விழுங்கினேன். அவன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை, மேலுதட்டில் வேர்வை, மீசையில் இரண்டு நரை, இது எப்போது வந்தது. "அ... அவங்க இ... இன்னைக்கு வ... வ..." என்று நின்றது. மிச்சம் எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் இருக்கிறது, எடுத்து நீட்டினால் அவன் பாரம் இறங்கிவிடும், இருபத்துநாலு வருஷப் பழக்கம் தாடையைத் தள்ளுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கண் இமை துடிக்கிறது அவனுக்கு. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது, அதன் சத்தம் தேய்ந்து முழுசாக அடங்கியது. "வரமாட்டாங்கம்மா" என்றான். நான் பேசவில்லை. நான் பேசாதது அவனுக்குப் புதிதாக இருக்கிறது, என்னைப் பார்க்கிறான், எங்கேயாவது என் வார்த்தை வந்து விழும் என்று காத்திருக்கிறான், வரவில்லை என்றதும் மூச்சை இழுத்து மறுபடி ஆரம்பிக்கிறான். "அ... அவங்க மேல த... தப்பில்ல. உ... உன் மேலயும் இ... இல்ல. நா... நான்தான் வே... வே..." கழுத்து நரம்பு ஏறுகிறது. அவன் எங்கே போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "நான்தான் வே... வேண்டாம்னு சொ... சொல்லிட்டேன். எ... எனக்குத்தான் அந்தப் பொ... பொண்ணப் பி... பி... பி..." ஹாலில் அனஸ் நிமிர்ந்து பார்க்கிறான். வினோலியா அவன் கையைப் பிடித்து இழுக்கிறாள். என் பிள்ளைக்கு இந்த ஒரு வார்த்தை பாறை போல மாட்டிக்கொண்டு நிற்கிறது, வேறு வார்த்தைக்குத் தாவலாம், அவனுக்கு அது நன்றாகத் தெரியும், தாவாமல் அதையே தள்ளுகிறான். இதைச் சொல்லி முடித்தால் நான் சரோஜினிக்கு அனுப்பிய லிங்க்கை நினைத்து அழ வேண்டியதில்லை என்று நினைத்துத் தள்ளுகிறான். உதவி செய்ய என்னிடம் எல்லா வார்த்தையும் இருக்கிறது. ஒன்றையும் எடுக்கவில்லை. ஃபேன் சுற்றுகிறது, அவன் நெற்றி முடி ஆடுகிறது, அவன் உதடு அந்த எழுத்தில் மூடி மூடித் திறக்கிறது. "பிடிக்கலம்மா" என்றான். முடித்துவிட்டான். பொய்யை, கடைசி எழுத்து வரைக்கும், அவனாகவே சொல்லி முடித்துவிட்டான். "சரி சாமி" என்றேன். அவன் வாய் இன்னும் பாதி திறந்தே இருக்கிறது. இன்னும் ஏதோ இருக்கிறது போல. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.